சிறு மேம்பாடு என்று எழுதியிருந்த திருத்தம்

சிங்காநல்லூரில் எங்கள் அலுவலகம் மில் தராசுகளுக்கான மென்பொருள் செய்கிறது. செய்கிறது என்பதே கொஞ்சம் அதிகம். இலவசமாகக் கிடைக்கும் மூல நிரலை எடுத்து, எங்கள் திருத்தங்களைச் சேர்த்து, பொட்டலம் கட்டி அனுப்புகிறோம். கட்டுவது என் வேலை. ஒவ்வொரு திருத்தத்தின் தலையிலும் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி வாங்குவதும் என் வேலைதான். வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

எங்கள் ஊர் மரியாதை இந்த வேலைக்கு ஆகாது. இன்னொருவர் எழுதியதைத் தப்பு என்று யாரும் எழுதமாட்டார்கள். தலை போகிற கோளாறைச் சரிசெய்தாலும் 'சிறு மேம்பாடு'. பொத்தானின் நிறத்தை மாற்றினாலும் 'சிறு மேம்பாடு'. படித்துப் படித்து எனக்கு அலுத்தே போய்விட்டது.

மூல நிரலின் புதிய பதிப்பு வந்தபோது, பழைய திருத்தம் ஒன்று அதில் பொருந்தாமல் அடம்பிடித்தது. அதன் தலையிலும் அதே இரண்டு சொற்கள். மேம்பாடுதானே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் பேசி முடிவுசெய்து, அதை விட்டுவிட்டு அனுப்பினோம்.

சில நாளில் பெருந்துறையில் ஒரு நூல் மில்லிலிருந்து போன். எடை போடும் அம்மா பேசினார். மூட்டைக்கு மூட்டை எடை குறைகிறதாம். நூல் வெளியே போகிறது என்று மேனேஜர் அவர்மேல் சந்தேகப்படுகிறாராம்.

"ஏனுங்க, நூலை நான் முந்தானைல கட்டீட்டா போறேன்? இனி வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க," என்றார். அழுது ஓய்ந்த குரல்.

தேடிப் பார்த்தோம். மூட்டையை வைத்ததும் தராசின் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறித்தான் நிற்கும். அது நிற்கும்வரை காத்திருந்து எடையைப் பதிய வைத்ததே நாங்கள் விட்டுவிட்ட திருத்தம். அதற்கும் முந்தைய எங்கள் திருத்தம் ஒன்றில், காத்திருக்காமல் பதியும்படி எழுதியவர் எங்கள் சீனியர். அதைத் திருத்தியவரிடம் போய், ஏன் இதை எழுதித் தொலைக்கவில்லை என்று கத்தினேன்.

"அண்ணன் எழுதுனதுங்கக்கா. தப்புன்னு எப்படிங்க எழுதறது?" என்றார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அன்றே திருத்தத்தைச் சேர்த்தோம். குறிப்பை நானே எழுதினேன்: 'எண் நிற்கும் முன்பே பதிந்ததால் எடையைக் குறைவாகக் காட்டியது. பிழை எங்களுடையது, எடை போட்டவருடையது அல்ல.'

முதலாளி எட்டிப் பார்த்தார். "கஸ்டமர் படிப்பாங்க அம்மணி. சிறு மேம்பாடுன்னே போட்டுருங்க."

வாதாடத் தெம்பில்லை. "முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் அந்த அம்மா மறுபடியும் கூப்பிட்டார். மேனேஜர் குறிப்பைப் படித்துவிட்டு வேலைக்கு வரச் சொல்லிவிட்டாராம். நன்றி சொல்லிவிட்டு, போனை வைக்காமல் தயங்கினார்.

"அந்தக் கடைசி வரிய ஒரு பேப்பர்ல அடிச்சுத் தருவீங்களா? ஊட்ல அவரும் நெசமாவே எடுக்கலையான்னு கேட்டுப்போட்டாருங்க."