திண்டுக்கல் வெயிலில் ஒரு தெர்மோஸ்டாட்

என் காரின் எஞ்சினைக் கிணற்று மேட்டில் வைத்து இறுக்குவதற்கான போல்ட்டுகளைச் சித்தப்பா வாங்கி வந்துவிட்டார். எஞ்சின் அப்போது காருக்குள்தான் இருந்தது. கார் வாசலில் நின்றது. நான் அதன் பக்கத்தில் நின்றேன். அவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்ல கனம்ணே" என்று அப்பாவிடம் காட்டினார். என்னிடம் காட்டவில்லை.

அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆயில் எஞ்சின், கிராங்க் உடைந்து படுத்துவிட்டது. புதுக் கிராங்க் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால், "வரும்" என்பதுதான் பதில். சின்ன வெங்காயம் திரள்கிற பருவம். இங்கே வீட்டு வாசலிலோ பெரிய எஞ்சின் ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் சொந்தக்காரன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அதைவிடச் சும்மா கிடக்கிறான்.

"ரோட்டுல ஓடுனா கொதிக்குது. கிணத்துல வச்சா தண்ணியாவது இறைக்கும்லே" என்றார் சித்தப்பா.

கார் கொதித்தது உண்மை. கொடைக்கானல் மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பல் ஏறும்போது விட்டுப்போன வண்டி அது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். தலைக்கு மேல் ஒரு கித்தான், அதுவும் கிழிசல். அதன் சின்ன எஞ்சின் என் கைக்கு வரும் முன்பே செத்துப்போயிருந்தது. பழைய டாக்சி ஒன்றின் எஞ்சினைப் பிடித்து, முன்பக்கச் சட்டத்தை அறுத்து, ஒட்டி, உள்ளே உட்கார வைத்தேன். இழுப்பென்றால் இழுப்பு, அப்படி ஓர் இழுப்பு. ஆனால் ரேடியேட்டர் மட்டும் பழைய சின்ன ரேடியேட்டர். ஆட்டு மடியில் யானைக் குட்டியைப் பால் குடிக்க விட்ட கதை.

கார் வடமதுரையைத் தாண்டியதில்லை. அந்த ஊர் எல்லையிலேயே சூடு காட்டும் முள் வலது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பானெட் இடுக்கில் ஆவி சீறும். டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வரும்: "என்ன தம்பி, இட்லி வெந்துருச்சா?"

சிரித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். ஒவ்வொரு முறை கொதித்தபோதும் ஒரு மாற்றம் செய்தேன். பூட்டுப் பட்டறையில் தகடு வெட்டுகிறவரைப் பிடித்து, சூடு வெளியேறப் பானெட்டில் மீன் செதில் மாதிரி வரிசையாகத் திறப்புகள் வெட்டினேன். விசிறியின் காற்று சிதறாமல் ரேடியேட்டர் வழியாகவே வரும்படி தகரத்தில் ஒரு வளையக் கூடு கட்டினேன். எங்கள் கிணற்று உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களுக்குள் வெள்ளைக் காரையாகப் படிந்திருந்தது. சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவி, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். கொஞ்சம் தூரம் கூடியது. அவ்வளவுதான். பிறகும் கொதித்தது.

ஒருநாள் கொதிக்கிற நேரத்தில் கையை ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. வெதுவெதுப்பு. எஞ்சினில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஒரு முழம் தள்ளி ரேடியேட்டர் தண்ணீர் குளிக்கிற பதத்தில் இருக்கிறது. அப்படியானால் எஞ்சின் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகவே இல்லை.

வேறு எங்கே போகிறது? எஞ்சின் தலையிலிருந்து பம்புக்கு நேராக இறங்கும் ஒரு குட்டிக் குழாயைப் பார்த்தேன். தோட்டத்தில் மடை மாறியவன் எவனுக்கும் இது புரியும். வாய்க்காலில் பக்கத்திலேயே ஓர் உடைப்பு இருந்தால் தண்ணீர் கடைசிப் பாத்திக்கு ஏன் போகப்போகிறது? குட்டிக் குழாய் வழியாகவே சுற்றிச் சுற்றி வந்து, சூட்டை ஆற்றாமல் எஞ்சினுக்குள்ளேயே கொதிக்கிறது. அந்த உடைப்பை அடைக்கிற மடைப் பலகை எது? தெர்மோஸ்டாட். சூடேறியதும் ரேடியேட்டர் வழியைத் திறந்து, அதே அசைவில் குறுக்கு வழியை மூடுகிற வால்வு. அது என் எஞ்சினில் இல்லை. திண்டுக்கல்லில் எந்த எஞ்சினிலும் இல்லை.

ஏனென்றால் எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எந்த வண்டி வந்தாலும் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் அவற்றைக் கம்பியில் கோத்து, அனுமாருக்கு வடைமாலை மாதிரி சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

"எனக்கு இதுல ஒண்ணு வேணும்ணே."

"எதுக்கு, கழுத்துல போட்டுக்கவா?"

"எஞ்சின்ல போட."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இது குளிர் ஊர்க்காரன் செஞ்சது. எஞ்சின் சீக்கிரமா சூடாகணும்னு தண்ணிய அடைச்சு வைக்கிற சாமான். நம்மூர்ல சூரியனே தெர்மோஸ்டாட்டு. கொதிக்கிற வண்டிக்கு மூடி போடுறேங்குறியே, காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"உடைப்ப அடைக்காம பாத்திக்கு எப்படித் தண்ணி போகும்?" என்றேன்.

"பாத்தியும் தெரியாது, வாத்தியும் தெரியாது. எடுத்துக்க. வெடிச்சா எங்கிட்ட வராத."

என் எஞ்சினுக்குப் பொருந்துகிற ஒன்று அந்த வடைமாலையில் கிடைத்தது. அம்மாவின் வெஞ்சனச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, அதை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன்னால் அது மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்தேன், மூடிக்கொண்டது. மறுபடி விட்டேன், திறந்தது. கத்த வேண்டும்போல இருந்தது. அம்மா சட்டியைத்தான் பார்த்தாள். "எண்ணெய்ச் சாமானப் போட்டு வேகவச்சுட்டான் பாவி. இனி இதுல யாரு கொழம்பு வைக்கிறது?"

அன்றே அதை எஞ்சினில் மாட்டினேன். அந்த வாரம்தான் சித்தப்பா போல்ட்டோடு வந்தது. நான் அப்பாவிடம் நேராகவே சொன்னேன்: "வண்டி இனிமே கொதிக்காது."

சித்தப்பா முந்திக்கொண்டார். "அப்படின்னா சந்தை அன்னைக்கு வடமதுரையத் தாண்டி அய்யலூர் போயிட்டு வருவோம். நானும் கூட வாரேன். ஆவி வந்துச்சு, அங்கேயே மாட்டைக் கட்டி இழுத்துட்டு வந்து எஞ்சினக் கழட்டிருவோம். சரியாலே?"

"சரி. கொதிக்கலைன்னா?"

பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "கொதிக்கலைன்னா எஞ்சின் வண்டியில இருக்கட்டும். அதப் பத்தி நான் பேச்செடுக்க மாட்டேன்" என்றார்.

போகும்போது காலை வெயில், காலியான ரோடு. முள் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது. வடமதுரை டீக்கடையில் ஒருவர் எங்களைக் கண்டதும் உதவுகிற எண்ணத்தில் தண்ணீர் வாளியோடு எழுந்தார்; நான் ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போனேன். சித்தப்பா தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டார்.

அய்யலூரில்தான் அவர் புத்தி வேலை செய்தது. ஆடு வாங்குகிற எண்ணமே இல்லாமல் ஒவ்வொரு ஆட்டின் பல்லையும் பிடித்துப் பார்த்தார். உச்சி வெயில் ஏறி, சந்தை கலைந்து, வாங்கினவனும் விற்காதவனும் ஆட்டுக் கூட்டத்தோடு ரோட்டில் இறங்கிய பிறகு, "கிளம்புவோமா?" என்றார்.

முன்னால் ஆடு, பின்னால் ஆடு, நடுவில் நாங்கள். ஓடுகிற வண்டிக்குக் காற்று கிடைக்கும். ஊர்கிற வண்டிக்குக் கிடைக்காது. முதல் கியரில் ஒரு பாகம், நிற்பது ஒரு பாகம். முள் அசைந்தது. இருநூறு டிகிரி பாரன்ஹீட்டை நெருங்கியது.

"செத்த நேரம் அமத்திப் போடு, ஆறட்டும்" என்றார் சித்தப்பா, அக்கறையான குரலில்.

எனக்குத் தெரியும். சூடான எஞ்சினை நிறுத்தினால் பம்பும் நிற்கும், விசிறியும் நிற்கும். ஓடாத தண்ணீர் அந்த நிமிஷமே பொங்கும். "அமத்த மாட்டேன்" என்றேன். நிற்கும்போதெல்லாம் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து விசிறியை வேகமாகச் சுற்ற விட்டேன். முள் இன்னும் ஏறியது.

மலையில் ஓடிய வண்டி என்பதால் அதில் குளிருக்கு ஒரு ஹீட்டர் உண்டு. எஞ்சின் தண்ணீரைக் கால்மாட்டில் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் விட்டு, அதன் சூட்டை உள்ளே ஊதும். எஞ்சினுக்கு இன்னொரு ரேடியேட்டர் வேண்டும், அவ்வளவுதானே? ஹீட்டரின் திருகை முழுக்கத் திறந்தேன்.

"ஏலே! என்னலே இது, அடுப்புக்குள்ள காலை வச்ச மாதிரி இருக்கு!"

"ஹீட்டர், சித்தப்பா."

"இந்த வெயில்ல ஹீட்டரா! கிறுக்குப் புடிச்சிருச்சா? மூடுலே!"

"மூட மாட்டேன். எஞ்சின் சூட்ட நாம வாங்கிக்கிட்டா அதுக்குக் கொறையும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துச் சம்மணமிட்டார். என் செருப்பு பாதத்தோடு ஒட்டியது. ஆட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏன் மாமா, பூசையில உக்காந்துட்டீகளா?" என்றார். சித்தப்பா கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார். முள் நின்றது. அசையாமல் நின்றது. பிறகு, ஆடுகள் கிளை ரோட்டில் பிரிந்து வழி விட்டதும், பிடிவாதம் தளர்ந்தவனைப் போலக் கீழே இறங்கியது.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். "கொதிச்சுச்சா?"

சித்தப்பா பொய் சொல்கிறவர் இல்லை. "இல்லண்ணே. சொட்டு ஆவி வரலை." வெந்துபோன காலைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார்: "இம்புட்டு வெயில்ல, ஊர்ந்து போயும் கொதிக்கலைன்னா, கிணத்து மேட்டுல நாள் பூரா நின்னு ஓடும்ணே. இம்புட்டு நல்ல எஞ்சின ரோட்டுல விடுறது பாவம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொதித்தால் கிணற்றுக்கு, கொதிக்காவிட்டாலும் கிணற்றுக்கு. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"கொதிச்சாத்தான் கழட்டணும்னு பேச்சு. கொதிக்கலை. கழட்ட விடமாட்டேன்."

"வெங்காயம் காயுதுடா" என்றார் அப்பா. பேச்செடுக்க மாட்டேன் என்றவர், எஞ்சின் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தைத்தது.

"கமலை கிடக்குல்ல. கிராங்க் வர்ற வரைக்கும் மாட்டைப் பூட்டி நான் இறைக்கிறேன்."

சித்தப்பா சிரித்தார். "பி.எஸ்ஸி. கமலை ஓட்டப் போகுதாம்ணே!"

ஓட்டினேன். சரிவில் மாடுகள் இறங்கும்போது வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். முதல் நாளே தொடை உரிந்தது. இரண்டாம் நாள் மாடுகளே என்னைக் கேவலமாகப் பார்த்தன. கேலி பேச வந்த சித்தப்பா, மூன்றாவது முறை வந்தபோது பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை மாறப் போனார். கடைசிப் பாத்திகள் காய்ந்துதான் போயின, மற்றவை தேறின. கிராங்க் வரும்வரை ஒரு நாளும் நான் கமலையை நிறுத்தவில்லை.

தோட்டத்துக்குத் தினமும் காரில்தான் போனேன், பக்கத்துச் சீட்டில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை மூட்டையோடு.