பிளானில் இருந்த சுவர்

பம்பு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. வார்ப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ‘ரிஜெக்ட்’. ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் பிந்துகிறது என்று அந்த வாரமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மகானுபாவர் அவர்.

வேலை போனாலும் சாக்பீஸ் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. சொந்தத்தில் யார் புது வீடு வாங்கினாலும் முதலில் இவரைத்தான் கூட்டிப் போனார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். டைல்ஸை ஒரு காசால் தட்டுவார். வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் கலவை சரியாகப் போடவில்லை என்று அர்த்தம், ஒரு குறி. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். பூச்சின் மேடுபள்ளமெல்லாம் நிழலாக வந்து நிற்கும், அதற்கொரு குறி. அதுவரை நல்ல காரியம்தான். ஆனால் வாங்கிக் குடியேறிய வீட்டிலும் போய்க் குறி போட்டால் யார் பொறுப்பார்கள்? தம்பி சாப்பிடக் கூப்பிட்டான் என்று போனவர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலோரத்து விரிசலுக்குக் குறி போட்டார். அதற்கப்புறம் தம்பி கூப்பிடவே இல்லை.

மனைவியின் பாடு அதைவிட மோசம். துவைத்த துணி, துடைத்த தரை, ஆற்றிய பால், எல்லாவற்றிலும் குறை. இருபத்தாறு வருஷம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மகள் வீடு வாங்குகிறாள். பிளானில் மூன்று படுக்கையறை. கூடத்தை ஒட்டிப் பத்துக்குப் பத்தில் சின்னதாக ஒன்று. அது அப்பாவுக்கு என்று யாரும் சொல்லவில்லை. இவராகவே முடிவுகட்டிவிட்டார். வாடகைக்கு இருந்த மாடி அறையின் சொந்தக்காரரிடம் போய், “என் பொண்ணு வீட்டுல எனக்கு தனி ரூம் இருக்கு. உன் ஒழுகுற கூரைய நீயே கட்டிக்கிட்டு அழு” என்று சொல்லி, மாதக் கடைசியில் காலி செய்வதாக எழுதியும் கொடுத்துவிட்டார்.

சாவி வாங்க ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை போன் செய்தார். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே. “மாமா, குறை ஏதாச்சும் இருந்தா இப்பவே எழுதித் தரணுமாம். நீங்க வந்து பாத்தா நல்லாருக்கும்.”

போனார். வாசலிலேயே மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ‘வாங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் காகிதமும் பேனாவுமாகப் பின்னால் வந்தார்.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் வடிகால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக வாசலுக்கு வந்தது.

“இது குளிக்கிற எடமா, குளமா? தண்ணி ஓடுற வாட்டம் எப்படிய்யா வச்சீங்க?”

“சரி பண்ணிடறோம் சார்.”

“பண்ணாம விட்டா நான் விடுவேனா? நாளைக்கு வழுக்கி விழப்போறவன் நான்!”

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. ஒரு கதவைப் பாதி திறந்து விட்டார்; அது தானாகவே சாத்திக்கொண்டது. குறி. படுக்கையறையில் ஆறு டைல்ஸ் வெற்றுச் சத்தம். ஆறு குறி. சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளைக்கோ வாயெல்லாம் பல்.

கூடத்துக்கு வந்ததும் அளவு நாடாவின் முனையை மாப்பிள்ளையிடம் கொடுத்து மறுகோடி வரை நடந்தார். அளவைப் பார்த்தார், பிளானைப் பார்த்தார், மறுபடி நாடாவைப் பார்த்தார். கூடம் பிளானில் பதினாறு அடி. இங்கே இருபத்தாறு அடி நாலரை அங்குலம். சின்ன அறை எங்கேயும் இல்லை.

குதியாய்க் குதித்தார். “அடப்பாவிகளா! சிமெண்டத் திருடுவான், கம்பியத் திருடுவான், கேள்விப்பட்டிருக்கேன். ஒரு சுவரையே முழுங்கிட்டீங்களேய்யா! மூணு ரூமுன்னு வித்துட்டு ரெண்டு ரூம் குடுக்குறியா? கையும் களவுமா மாட்டினியா?”

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். “சுவர் கட்டினோம் சார். வெறும் தடுப்புச் சுவர்தான், பாரம் தாங்கறது இல்ல. போன மாசம் எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டோம்.”

“எவன் சொன்னான்?”

மாப்பிள்ளை திடீரென்று ஜன்னலை ஆராய ஆரம்பித்தார்.

“நான்தான் சொன்னேன்” என்றாள் மகள்.

“உனக்கென்ன பைத்தியமா? இவ்ளோ பெரிய கூடம் எதுக்கு?”

“கூடம் பெருசா வேணும்னு எடுக்கல. அந்த ரூம் இருந்தா நீங்க பெட்டியத் தூக்கிட்டு வந்துடுவீங்க. அதுக்காகத்தான் எடுத்தேன்.”

“நான் இருக்கற ரூம காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டேனேம்மா.”

“என்னைக் கேட்டா எழுதிக் குடுத்தீங்க?”

“பெத்த அப்பன்டி நான்.”

“அம்மா சாகறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, ஆஸ்பத்திரில, போர்வை சுருங்கிக் கெடக்குன்னு அவளத் திட்டினீங்க. பக்கத்துல நின்னு கேட்டேன்ப்பா. என் வீட்டுல அந்தக் குரல் கேக்கக் கூடாது.”

அவமானத்தில் அவருடைய காது மடல் சிவந்தது. ஒரு அந்நியன் எதிரில் வேறு. “அப்ப குறை பாக்க மட்டும் அப்பன் வேணுமா?”

“கூப்பிட்டது அவரு. வேணாம்னுதான் சொன்னேன்.”

“சரி. வேணாம்னா வேணாம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இப்படி ஊரான் முன்னாடி அசிங்கப்படுத்தணுமா?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா? பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், யாரு சொல்லியும் நீங்க எதையும் நம்பினதில்ல. நீங்களே அளந்து பாத்தாதான் நம்புவீங்க. இப்ப அளந்துட்டீங்கல்ல?”

மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் நாடாவின் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

“விடுங்க மாப்பிள்ளை” என்றார் அவர்.