மகேந்திரன் அண்ணையின் போர்டும் ஒரு சிவப்புத் தாளும்

மகேந்திரன் அண்ணை செத்துப்போனாராம். காலையில் அவருடைய மூத்த மகள் போட்ட போஸ்டில்தான் பார்த்தேன்.

கீழே கொமென்ட்டுகள்... "நடமாடும் அகராதி", "வெள்ளவத்தையின் அறிவுக்களஞ்சியம்", கைகூப்பிய படங்கள். என்னையும் டேக் பண்ணி, "அன்ரி, அப்பாவைப் பற்றி நீங்களும் நாலு வரி எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறாள்.

எழுதுகிறேன் பிள்ளை. பிறகு என்னோடு கோபிக்கக் கூடாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க எங்கள் சனம் அங்கேதான் வரிசையில் நிற்கும்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் இன்றைக்கு என்ன தினம், ஒரு சொல், இரவு வானத்தில் என்ன தெரியும் என்று எழுதி வைப்பார்.

அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, செக்பொயின்ற், ரவுண்டப்... இதற்கெல்லாம் நடுவில் "இன்று உலக தபால் தினம்" என்று முத்து முத்தான எழுத்தில் இருக்கும். டிசாஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு கெட்ட நட்சத்திரம் இருக்கிறது என்று அந்தப் போர்டில்தான் படித்தேன். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதை ஏன் மறைப்பான்.

என் தம்பி தயாவுக்கு அது பைத்தியம். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கி எக்கவுண்ட்ஸ் படித்துக்கொண்டிருந்தான். கோல் எடுக்க ஒருத்தரும் இல்லாவிட்டாலும் போர்டு பார்க்கப் போவான்.

புலிகளின் ப்ளேன் வருகிறதென்று கொழும்பு முழுக்கக் கரண்டை நிறுத்திய காலம் ஞாபகம் இருக்கும். நாங்கள் எல்லோரும் பயந்து ஒரே அறைக்குள் கிடப்போம்... தயாவுக்கு மட்டும் சந்தோஷம். அப்போதுதான் கொழும்பில் வானம் தெரியுமாம்.

ஒரு நாள் போர்டில் இப்படி இருந்தது. "இன்றிரவு வியாழனைப் பார்க்கலாம். ரோச் லைட்டுக்குச் சிவப்புத் தாள் சுற்றுங்கள், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது."

தாளையும் அவரே கிழித்துத் தந்தார். பார்சல் சுற்றுகிற மினுங்கல் தாள். "தம்பி, இது வடிவாச் சரிவரும்" என்று தயாவின் கையில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றிரவு கரண்ட் போனது. தயா நட்சத்திர வரைபடத்தையும் சிவப்பு ரோச்சையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான்.

ப்ளேனுக்குச் சிக்னல் கொடுக்கிறான் என்று யாரோ அறிவித்துவிட்டார்கள். கரண்ட் வருவதற்கு முன்னமே பொலிஸ் வந்துவிட்டது.

"கொமினிகேஷன் போர்டில பார்த்துத்தான் செய்தனான்" என்று தயா சொல்லியிருக்கிறான். விடிந்ததும் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். பின்னால் நானும் அம்மாவும் த்ரீவீலில்.

மகேந்திரன் அண்ணை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். முதல் நாள் எழுதியது போர்டில் அப்படியே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜீப்பைக் கண்டார். உள்ளங்கையாலேயே போர்டை அழித்தார். ஒரே இழுவை.

இவனைத் தெரியுமா, நீதான் எழுதினாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். என்னைவிட, தயாவைவிட நல்ல சிங்களம் பேசத் தெரிந்த மனிதர்... "நே சேர். மம தன்னே நே" என்றார். தெரியாதாம்.

அவருடைய கை முழுக்கச் சோக்குத் தூள். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

அம்மா அவருடைய காலில் விழுந்தா. அவர் கடைக்குள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் போர்டில் என்ன தெரியுமா? "இன்று உலக முட்டை தினம்." எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை, அவருக்கு முட்டை தினம்!

அன்றைக்குத் தொடங்கினேன். வேலைக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, கைலேஞ்சியை நனைத்து, போர்டை அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவர் எழுத எழுத அழித்தேன்.

ஒரு முறை இந்த மகள்தான், அப்போது ஸ்கூல் பிள்ளை, "அப்பா, அந்த அன்ரி அழிக்கிறா" என்று கத்தினாள். "விடு பிள்ளை, அழிக்கட்டும்" என்றார் அவர். அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு நாள் கடைக்கு வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, ஓமெண்டு சொல்லியிருந்தா என்னையும் ஏத்தியிருப்பாங்கள். எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

"எங்கட அம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான் பொடியன்" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவே இல்லை.

தயா தடுப்பிலிருந்து வெளியே வர ஒரு வருஷத்துக்கு மேல் போனது. வந்தவனுக்கு வலது காது கேட்கவில்லை. கனடாவுக்குப் போகும் வரைக்கும் மொட்டைமாடிப் படியில் கால் வைக்கவே இல்லை.

கடைசியில் மகேந்திரன் அண்ணை போர்டைக் கழற்றிவிட்டார். அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைத்தேன். அம்மா ஏனென்று கேட்கவில்லை, ஒரு கோப்பை வாங்கிக் குடித்தா.

இன்று தயாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "பாவம் அக்கா, மனுசன் பயந்திட்டார். என்ர பேரில ஒரு மாலை போட்டுவிடுங்கோ" என்றான்.

அவன் மன்னித்துவிட்டான். அது அவன் பட்டது, அவன் இஷ்டம். அம்மா கடை வாசலில் விழுந்து கிடந்ததைப் பார்த்தவள் நான்.

அப்பாவை வைத்திருக்கிற மலர்ச்சாலைக்கு மாலை அனுப்பியிருக்கிறேன் பிள்ளை. அட்டையில் தயாவின் பெயர் மட்டும்தான் இருக்கும். என் பெயரைத் தேட வேண்டாம்.

போயிட்டு வாங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போங்கோ, மகேந்திரன் அண்ணை.