திரும்ப வாங்கிக்கொண்ட சாட்சி

விழுப்புரத்தில் இன்று கூடியிருக்கிற ஆண்டவரின் பிள்ளைகளுக்கு, திண்டிவனத்து கண்டக்டர் சாமுவேலின் ஸ்தோத்திரம். உங்கள் முன்னால் சாட்சி சொல்ல எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஏற்கெனவே ஒரு சாட்சியைச் சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே எட்டு மாதம் மாட்டிக்கொண்டு கிடந்தவன் நான்.

திண்டிவனம் - விழுப்புரம் தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் ஓடினேன். தொண்டைதான் என் பிழைப்பு. "விக்கிரவாண்டி, விழுப்புரம்!" என்று நான் குரல் கொடுத்தால் டீக்கடையில் நிற்பவன் பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவருவான். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பீடியை விட்டது ஞானஸ்நானம் எடுத்த வருஷம். அதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தது.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் குரல் கம்மியது. ஒரு மாதமாகியும் திறக்கவில்லை. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டு, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குரல்வளையில் புற்று என்று முடிவு வந்தது. "ஆரம்ப நிலைதான், ஆறு வாரம் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கலாம், குரலும் தங்கும்" என்றார் டாக்டர் அம்மா. வீட்டுக்கு வந்து என் மனைவி ஸ்டெல்லாவின் மடியில் தலைவைத்து அழுதேன்.

மறு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். போதகர் ஐயா என் கழுத்தில் கைவைத்து ஜெபித்தார். "அல்லேலூயா" என்று வாயைத் திறந்தேன், பழைய குரல் வந்தது! நானே நடுங்கிப்போனேன். அங்கேயே மைக்கைப் பிடித்து, "எனக்குப் புற்றுநோய் போயிடுச்சு, இனிமே ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொன்னேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அந்த ரெண்டாவது வாக்கியம் முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. ஒரு தம்பி அதைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். கரண்ட் வைக்கக் கொடுத்த தேதிக்கு நான் போகவில்லை.

ஆடி பிறப்பதற்குள் குரல் மறுபடி கம்மியது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? சபைக்குப் போனால், "பிரதர், சாட்சி சொன்னீங்களே, தொண்ட இன்னும் கட்டிக்கினு இருக்குதே?" என்பார்கள். "டோல்கேட்டாண்ட தூசு" என்பேன். பஸ்ஸில் கூப்பிடுவதை விட்டு விசிலாலேயே ஓட்டினேன். பாட்டு எடுத்துக் கொடுக்கும் ஞாயிறுகளில் டியூட்டி மாற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் என் சாட்சி பொய். போகாவிட்டால் உயிர் போகும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன், அடைத்தவனும் நானே.

"இன்னொரு தபா போயி காட்டிக்கினு வந்துடலாங்க" என்றாள் ஸ்டெல்லா.

"அவிசுவாசம் பேசாத" என்று கத்தினேன். கத்தினேன் என்று எழுதுகிறேன், வந்தது காற்றுதான்.  சோறு இறங்காமல் கஞ்சிக்கு வந்துவிட்டேன். கழுத்தில் பட்டாணி போல ஒரு கட்டி. அதைத் துண்டால் மறைத்துக்கொண்டே கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வரை ஓட்டினேன்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. விழுப்புரத்தில் ஒரு அம்மா ஏறினார்கள். கண்டாச்சிபுரம் பக்கத்தில் கூலி வேலை செய்கிறவர்கள், பேர் எஸ்தர். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நீங்கதானே பிரதர் அது? போன்ல பாத்தேன். எங்க வூட்டுக்காரு மாசிலாமணிக்கும் உங்க மாதிரியேதான், தொண்டையில கட்டி. போன மாசம் ஆஸ்பத்திரியில தேதி குடுத்தாங்க. உங்க சாட்சிய கேட்டதும் போவல. உங்க சபை ஜெபத்துல அவருக்காக சொல்லலாம்னு வர்றேன்."

 உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்படிக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன். ஓடுகிற பஸ்ஸில் எங்கே போய் ஒளிவது? விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாழ்க்கையிலேயே நீளமான ட்ரிப் அது.

திண்டிவனத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அடுத்த ட்ரிப்புக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் முழங்கால் போட்டேன். அத்தனை மாதமும், "என் குரலைத் தாரும், என் மானத்தைக் காப்பாற்றும்" என்றே ஜெபித்திருக்கிறேன். அன்றைக்கு, "ஆண்டவரே, என் வாயால ஒரு மனுஷன் செத்துடக் கூடாது. அதுக்கு எது போனாலும் போவட்டும்" என்றேன். எழுந்தபோது பயம் அப்படியேதான் இருந்தது. கால் மட்டும் சபை இருக்கிற தெருவுக்கு நடந்தது.

உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது, எஸ்தரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கை வாங்கி வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். "நான் சொன்ன சாட்சிய திரும்ப வாங்கிக்கிறேன். எனக்கு நோய் போவல. எஸ்தரம்மா, தயவு செஞ்சி உங்க வூட்டுக்காரர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க." அவ்வளவுதான் வந்தது. துண்டை எடுத்துக் கழுத்தைக் காட்டினேன்.

 போதகர் ஐயா எழுந்து வந்தார். சபையை விட்டுத் தள்ளிவைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஜிப்பா பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "ஆறு வருஷமா சுகருக்கு மாத்திரை போட்டுக்கினுதான் இங்க நின்னு பிரசங்கம் பண்றேன். நான் இத முன்னாடியே சொல்லியிருந்தா இந்தப் பையன் இப்படி மாட்டிக்கினு இருக்க மாட்டான். ஆண்டவரே, என்னையும் மன்னியும்" என்று அழுதார். நாற்பத்தாறு வயதில் என்னைப் பையன் என்றது அவர் ஒருவர்தான். அன்று முன்பதிவுக்கு நிற்பது போல வரிசையாக எழுந்து ஆளாளுக்குத் தங்கள் மாத்திரைகளைச் சொன்னார்கள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

திங்கட்கிழமை அதே டாக்டர் அம்மாவிடம் போனேன். அவர் திட்டவில்லை. மறுபடி சதை எடுத்தார். முடிவு வந்த நாளில் பழைய துணுக்கையும் புதியதையும் சாயம் போட்டு கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். பழையதில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பாக வேலி போட்டது போல இருந்தது. புதியதில் வேலி மங்கிப்போயிருந்தது.

"ஒரே ஆளோட மரபணுதானே டாக்டரம்மா, எப்படி மாறிச்சி?" என்று எழுதிக் காட்டினேன்.

"உங்க சபையில எல்லார் கையிலயும் முழு பைபிளும் இருக்குல்ல? ஆனா அன்னைக்கி எந்தப் பகுதிய வாசிக்கிறாங்களோ அதுதானே காதுல விழும்? மரபணுவும் அப்படித்தாங்க. எல்லா செல்லுலயும் எல்லாம் இருக்கு, எது வேலை செய்யுதுங்கறதுதான் விஷயம். முதல்ல, 'பெருகு'ங்கறது ரொம்ப சத்தமா இருந்துச்சு. ஆனாலும் 'பக்கத்து செல்ல புடிச்சிக்கோ'ங்கறதும் வேலை செஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு. அதுதான் அந்தப் பழுப்பு வேலி, இப்ப அது அடங்கிடுச்சு. செல் எல்லாம் கைய விட்டுட்டு கெளம்பி கழுத்து நெறிக்கட்டிக்குப் போயிடுச்சு. கரண்ட் மட்டும் போதாதுங்க, குரல்வளைய எடுத்தாகணும்" என்றார். முதல்முறை என் குரல் திறந்ததற்கும் காரணம் சொன்னார். பரிசோதனைக்குச் சதை எடுத்ததில் கட்டியின் பாரம் குறைந்திருக்குமாம்.

அந்தப் பழைய துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம். ஆண்டவர் எனக்குக் கொடுத்த அவகாசம் அது, நான்தான் தூசு என்று சொல்லித் தள்ளினேன்.

பொங்கல் கழித்து அறுவை சிகிச்சை. பிறகு முகத்துக்கு வலைபோல முகமூடி மாட்டி, தலையை மேசையோடு இறுக்கிக் கரண்ட் வைத்தார்கள். அசைய முடியாது, கூப்பிடக் குரலும் கிடையாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எட்டு மாதத்தை விட அந்த முகமூடிக்குள் மூச்சு நன்றாக வந்தது.

இப்போது கழுத்தில் ஒரு துவாரம் வழியாக மூச்சு விடுகிறேன். போன பரிசோதனை வரை நோய் திரும்பவில்லை. பஸ் கம்பெனியில் ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பாட்டு எடுத்துக் கொடுக்க முடியவில்லையே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அழுவேன். அதையும் மறைக்கவில்லை.

பிரியமானவர்களே, ஜெபியுங்கள். தாராளமாக ஜெபியுங்கள். எழுந்து ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார், நான் பார்த்தேன். பயமாக இருந்தால் பயம் என்றே அவரிடம் சொல்லுங்கள். அவரை நம்புங்கள், அவருக்காக நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

மாசிலாமணி அண்ணனை எஸ்தரம்மா அந்தத் திங்கட்கிழமையே அழைத்துப் போனார்கள். அவருடைய கட்டி வேறு எங்கும் பரவியிருக்கவில்லை. ஆறு வாரக் கரண்ட் போதுமானதாக இருந்தது. எனக்குக் குரல் இல்லை என்பதால் நான் எழுதியதை வாசிக்க அவரைத்தான் கேட்டுக்கொண்டேன். இவ்வளவு நேரமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அவர் குரல். ஆண்டவருக்கே மகிமை.