காதில் செருகிய குறைப் பீடி

பீடி குடிக்கிறவனைத் திருடனைத் தடவுவதுபோலத் தடவினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? யுத்த காலம் அது. தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிகளில் பஞ்சுப் பொதி ஏற்றும் வேலை எனக்கு. வாசலில் காவல்காரர் ஓர் ஓலைப்பெட்டியோடு நிற்பார். பீடியையும் தீப்பெட்டியையும் அதில் போட்டால்தான் உள்ளே விடுவார். சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று காலை அவரிடம் எகிறினேன். “என் வாய், என் பீடி. வெள்ளைக்காரன் பஞ்சுக்காவ நான் ஏன் வாயக் கட்டணும்?”

“ஏலே, பஞ்சுத் தீ வெளிய தெரியாது. உள்ளயே தின்னுக்கிட்டு கெடக்கும். தெரியுத அன்னைக்கு தோணியும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.”

“பூச்சாண்டி காட்டாதிய அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஒரு கட்டுப் பீடியைப் பெட்டியில் எறிந்தேன். தலைத்துண்டு மடிப்பில் ஒற்றைப் பீடியும் இரண்டு தீக்குச்சியும் உரசுகிற பட்டைத் துண்டும் பத்திரமாக இருந்தன.

எங்களில் யாரும் பீடியை ஒரே மூச்சில் முடிக்கமாட்டோம். பாதி இழுத்ததும் நுனியைக் கசக்கி அணைத்துக் காதில் செருகிக்கொள்வோம், மீதி பிறகு. அன்றும் பஞ்சு அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் நின்று பாதி இழுத்தேன். காவல்காரரின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கசக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். தோணியில் கடைசிப் பொதி ஏறிக்கொண்டிருந்தது. கொக்கி இழுத்து அதன் சாக்கு கிழிந்து பஞ்சு பிதுங்கியிருந்தது. தலையை முட்டுக் கொடுத்து நான்தான் அதைத் தள்ளினேன். தோணி, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலை நோக்கிப் பாய் விரித்தது. சுக்கானில் இருந்தவர் என் அக்காள் புருஷன்.

முகம் கழுவத் துண்டை அவிழ்த்தேன். காதில் பீடி இல்லை.

தரையில்தான் விழுந்திருக்கும் என்று தேடினேன். கிட்டங்கிக்குப் பின்னால் தேடினேன், தோணிக்கு ஏறும் பலகையில் தேடினேன், குனிந்து குனிந்து தேடினேன். கிடைக்கவில்லை. சரியாகத்தான் அணைத்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், அடி பின்னியெடுப்பார்கள். சொல்லாவிட்டால்? அக்காளுக்கு அப்போது ஏழு மாதம். சொல்லத் துணியாமல் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. காற்று விழுந்து, தோணி நடுக்கடலில் அப்படியே நின்றிருந்தது.

கடைசியில் காவல்காரரிடம்தான் ஓடினேன். அறைவார் என்று கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டே சொன்னேன். அவர் அறையவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. “வள்ளத்த எடுங்கலே!” என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்தக் கத்தலில்தான் நான் நிஜமாகவே பயந்தேன்.

நாலு பேர் துடுப்புப் போட்டோம். தோணியில் புகை தெரியவில்லை. கிட்டே போனபிறகு பார்த்தால், காற்றில்லாத சும்மா நேரத்தில் அத்தான் அந்தக் கடைசிப் பொதியின்மேலேயே துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

“எந்திரிங்க அத்தான்!” என்று அலறினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கிழிசலில் கொக்கியை மாட்டி இழுத்தார்கள். உள்ளே சட்டி அகலத்துக்குக் கருப்பு. காற்றுப் பட்டதும் ஓரமெல்லாம் சிவந்தது. எல்லோருமாகப் பொதியைப் புரட்டிக் கடலில் தள்ளினோம். நான் தள்ளினேனா, சும்மா பிடித்துக்கொண்டு நின்றேனா என்றுகூடத் தெரியாது.

காவல்காரர் நடந்ததைச் சொன்னார். அத்தான் என்னையே பார்த்தார்.

“என் உயிர ஒன் காதுலயா சொருவி வச்சிருந்த, மாப்ளே?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தோளில் கிடந்த துண்டின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறிக் கருகியிருந்தது. அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை.