பதினான்கு சதவீத ஈஸினோபில்

மாசிக் கடைசியில் தொடங்கிய களைப்பு சித்திரை விடுமுறை முடிந்தும் விடவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போனால், கந்தோரில் வேலைக்கு நடுவே தலை தானாக மேசையில் சாயும். இரவில் வறட்டு இருமல். எனக்கு இரத்தம் குறைந்துவிட்டது என்று மனைவி தீர்மானித்தாள். வாரம் ஒருமுறை செய்த வல்லாரைச் சம்பல் அன்றாடம் வரத் தொடங்கியது. பச்சை இலையைப் பொடியாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைவாள். மறுத்துப் பேசவும் எனக்குத் தெம்பில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இரத்தம் சோதிக்கக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: ஈஸினோபில், பதினான்கு சதவீதம். ஆறுக்குள் இருக்க வேண்டுமாம். வீட்டிலிருந்த மருத்துவ நூலைப் புரட்டினேன். வெள்ளையணுக்களில் ஒரு வகை என்ற வரியோடு மூடிவிட்டேன். அண்ணனைக் கொண்டுபோனது வெள்ளையணுவில் வந்த புற்றுநோய். அவருக்கும் களைப்பில்தான் தொடங்கியது. மனைவியிடம், "ஒண்ணுமில்ல" என்றேன். தூக்கம் போனது.

வியாழக்கிழமை இருவரும் டொக்டரிடம் போனோம். அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

"அது வேற, ஐயா. உங்களுக்கு மத்த அணுவெல்லாம் சரியா இருக்கு. இது கூடுறது பெரும்பாலும் அலர்ஜி, ஆஸ்துமா, இல்லாட்டி வயித்துப் பூச்சி. பச்சையா ஏதும் சாப்பிடுறீங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? எத்தன தண்ணியில கழுவுறேன் தெரியுமா டொக்டர், அந்த வல்லாரைய!"

"கழுவுவீங்கம்மா. ஆனா சேத்துல வளர்ற இலை. பூச்சி முட்டை கண்ணுக்குத் தெரியாது."

மலப் பரிசோதனையில் முட்டைகள் இருந்தன. டொக்டர் இருவருக்கும் மாத்திரை எழுதினார்.

"எனக்கு எதுக்கு? பூச்சி இவருக்குத்தானே!"

"ஒரே சட்டி சம்பல்தானேம்மா?"

அவள் மாத்திரைச் சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தாள்.

அடுத்த மாதம் மறுபடி சோதித்தபோது ஐந்து சதவீதம். "இனி வேக வச்சுத்தான் தருவேன். ருசியில்லைன்னு மொணங்கக் கூடாது," என்றாள். அன்று இருவரும் திரும்பிய பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. கண் விழித்தபோது எங்கள் தரிப்பிடத்தைக் கடந்து, பஸ் மகாவலிப் பாலத்தையும் தாண்டியிருந்தது.

"எழுப்பியிருக்கலாமே?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தீங்களே, எனக்குத் தெரியாதா? எழுப்ப மனசு வரல்ல."

இறங்கிப் பாலத்தின் மேல் மெதுவாகத் திரும்பி நடந்தோம்.