இரண்டாவது குதிரை ஊசி

கண்ணுகளா, போன வாரம் மூத்தவள் தன் காலேஜ் புத்தகத்திலிருந்து 'பி செல்' என்ற பாடத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். எட்டாவதோடு நின்றுவிட்ட அப்பாவுக்கு அது எப்படிச் சட்டென்று புரிந்தது என்று உங்கள் இருவருக்கும் வியப்பு. அந்தப் பாடத்தை நான் முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன். மூத்தவளின் முன்னங்கையில்தான் பார்த்தேன். நான் சொன்ன ஒரு பொய்யால் அன்று அவள் உயிர் போயிருக்கும். உங்கள் அம்மாவிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. சூலூரில் குடியிருந்தோம். கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எனக்கு லேத் வேலை. மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவனே, நீ தொட்டிலில் கிடந்தாய். ஒரு நாள் காலை, மாட்டு லாடத்திலிருந்து கழன்று தெருவில் கிடந்த ஆணி அவள் குதிகாலில் முழுதாக ஏறிவிட்டது. பிடுங்கியபோது ரத்தம் அதிகம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயம். எங்கள் கம்பெனியில் ஒருவர் அப்படித்தான் ஆணி மிதித்தார். பத்து நாளில் ரணஜன்னி, இப்போது டெட்டனஸ் என்கிறார்களே, அது வந்து, வாய் பூட்டிக்கொண்டு, உடம்பு வில்லாக வளைந்து போய்ச் சேர்ந்தார்.

"ஏனுங்க, இன்னும் என்ன நின்னுட்டு இருக்கறீங்க? புள்ளையத் தூக்கிட்டு பஸ்ஸைப் புடிங்க" என்றாள் உங்கள் அம்மா.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைத் திறந்து கழுவினார். பிறகு என்னிடம் கேட்டார்: "ரணஜன்னி வராம இருக்க ஏ.டி.எஸ். ஊசி போடணுங்க. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கற மருந்து. பாப்பாவுக்கு இதுக்கு முன்னால போட்டிருக்கா?"

போட்டிருந்தது. இரண்டு வருடம் முன்பு குதிரை பார்க்க அந்தியூர்ச் சந்தைக்குக் கூட்டிப் போனபோது வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை அவள் காலைக் கிழித்துவிட, அங்கேயே ஒரு டாக்டர் போட்டார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் சொன்னேன்: "இன்னும் இல்லைங்க."

ஏன் என்று கேட்பீர்கள். 'வாங்கியாச்சா?' என்று யார் கேட்டாலும் அந்தக் காலத்தில் எங்கள் வாயில் வரும் பதில் அதுதான். ரேஷன் சர்க்கரையானாலும் சரி, கம்பெனியில் கொடுக்கும் சோப்பானாலும் சரி, வாங்கினவனுக்கு மறுபடி கிடையாது. அம்மை குத்த வருகிறவர்கூடக் கையில் தழும்பைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவார். 'போட்டாச்சு' என்றால் என் பிள்ளைக்கு மருந்து இல்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்துவிட்டேன்.

"எதுக்கும் ஒரு சொட்டு மட்டும் தோலுக்கடியில போட்டுப் பார்த்துக்கலாங்க" என்றார் டாக்டரம்மா.

"குதிரை மருந்துங்களாப்பா? எனக்கு வால் மொளச்சுப்போட்டா?" என்றாள் மூத்தவள்.

"மொளச்சா நல்லதுதானே அம்மணி? உங்கப்பனை முதுகுல ஏத்திக்கிட்டு சூலூருக்கு ஓடிப்போயிரு" என்றார் கம்பவுண்டர். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஊசி குத்திய இடம் உப்பியது. முதலில் கொசுக்கடி போல. பிறகு எட்டணாக் காசு அளவு. பிறகு ஓரமெல்லாம் சிவந்து கிளை விட்டுப் பரவியது. டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து என் முன் நீட்டினார்.

"உங்க வாய் இல்லைங்குது. இந்தக் கை ஆமாங்குது. எது நெசங்க?"

அந்தியூரில் போட்டதைச் சொன்னேன்.

"அப்ப ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல உடம்பெல்லாம் தடிச்சிருக்கணுமே?"

தடித்திருந்தது. பூச்சிக்கடி என்று வேப்பிலை அரைத்துப் பூசியிருந்தோம்.

"முழு ஊசியும் போட்டிருந்தா இந்த மேசை மேலயே மூச்சு முட்டிப் போயிருக்கும். தெளிவாத்தானே கேட்டேன், பொய் சொல்லிப்போட்டீங்களே!"

"அப்ப ஊசி வேண்டாங்களா?"

"வேண்டாம்னு விட்டுட்டு, நாளைக்கு ரணஜன்னி வந்தா என்ன பண்றதுங்க?"

ஆகவே மருந்தைத் தண்ணீராகக் கலக்கி, சொட்டுச் சொட்டாக, அரை மணிக்கு ஒரு முறை போட முடிவு செய்தார். மூச்சு முட்டினால் போடுவதற்கு இன்னொரு ஊசி பக்கத்திலேயே நிரப்பி வைக்கப்பட்டது. மருந்து ஏறும் ஊசியைவிட அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

காத்திருந்த நேரத்தில் டாக்டரம்மா சொன்னதையும் இப்போது புத்தகம் சொல்வதையும் சேர்த்து, என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ரத்தத்தில் பி செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் மேல் ஒரே வகை மரை, அதாவது திருகுப் புரி, வெட்டிய நட்டுகளைத் தாங்கி நிற்கிறது. அன்னியப் பொருள் ஒன்று உள்ளே வந்தால், அதன் மரை எந்தச் செல்லின் நட்டில் ஏறுகிறதோ அந்தச் செல் மட்டும் விழிக்கிறது, பெருகுகிறது, அதே மரையில் நட்டுகளை வார்த்து ரத்தத்தில் விடுகிறது. அவைதான் ஆன்டிபாடி. வேலை முடிந்த பிறகும் சில செல்கள் அந்த மரையை மறக்காமல் வருடக்கணக்கில் இருந்துவிடுகின்றன. குதிரையின் உடம்பு ரணஜன்னி விஷத்துக்கு நட்டு வார்த்தது. அதைத்தான் நாம் மருந்தாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் என் மகளின் உடம்புக்குக் குதிரையும் அன்னியம்தானே! அந்தியூரில் போட்ட ஊசிக்கே அது நட்டு வார்த்து வைத்துக்கொண்டது. நான் மறைத்ததை அது மறக்கவில்லை.

மூன்றாம் முறை போட்டதும், "தொண்டை அரிக்குதுங்கப்பா" என்றாள். உதடு தடித்தது. மூச்சில் ஒரு விசில். டாக்டரம்மா அந்த இன்னொரு ஊசியை எடுத்து அவள் தொடையில் ஏற்றினார். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி என் விரலுக்கடியில் குதித்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, விசில் தேய்ந்து நின்றது. "தண்ணி வேணுங்கப்பா" என்றாள்.

மறுபடி குறைந்த அளவிலிருந்து தொடங்கி, முழு மருந்தும் ஏறப் பொழுது சாய்ந்துவிட்டது. "இனி எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இதை மொதல்ல சொல்லுங்க. நீங்க இல்லாத எடத்திலயும் யாராச்சும் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டில், "கூட்டம், அதான் இவ்வளவு நேரம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு தினமும் காலையில் அவளை வாயை ஆவென்று திறக்கச் சொல்லி, பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்தேன். பதினைந்தாம் நாள் அவள் நாக்கை நீட்டிப் பழித்துக் காட்டினாள்.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் பட்டறையில் இருந்தேன். பம்ப்செட்டுக்குப் பெயர்த் தகடு வெட்டிய மிச்சத்தில் விரல் நகம் அளவு பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்தேன். எங்களிடம் இருந்த எழுத்து அச்சுகள் ஆங்கிலம்தான். ஏ, டி, எஸ் என்று மூன்று எழுத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். அதன் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. அவள் கழுத்தில் கட்டக் கறுப்புக் கயிறு கோக்க ஓட்டை போட்டேன். பிறகு ஓரத்தை அரத்தில் ராவி என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன். கீறியது. மறுபடி ராவினேன்.